கொடுப்பனவு வந்தால் யாருடைய மேசையில் வேலை கூடும்?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலிருந்தபடி உறவினரைப் பராமரிப்பவர்களுக்கு வெளிநாடுகளில் வழங்கப்படும் கொடுப்பனவு பற்றிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பொதுநோக்கு மண்டபத்தில் மேசை போட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு, அஸ்வெசும எனப்படும் அரச நலன்புரி உதவி, பிறப்புச் சான்றிதழ் என்று வரும் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறோம். ஸ்கொட்லாந்தின் டண்டி நகரிலுள்ள என் ஒன்றுவிட்ட அக்கா, நோயாளியான கணவரைப் பராமரிப்பதற்காக அங்கே புதிய கொடுப்பனவு ஒன்றைப் பெறுகிறார். அப்படியொன்றை இங்கும் கோரி மகஜர் எழுத வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு எழுந்துள்ளது. அது வந்துவிட்டால் எங்கள் மேசைக்கு வேலை குறைந்துவிடும் என்கிறார் தலைவி. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அங்குள்ள ஆலோசனை நிலையங்களுக்கு இதனால் என்ன நேர்ந்தது?
– கண்டாவளை

பதில்: உங்கள் ஐயமே சரி, சகோதரி. கொடுப்பனவு வந்தால் உங்கள் மேசைக்கு வேலை கூடும். அது எப்படிக் கூடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மகஜர் எழுதினால், மகஜரின் வாசகமே வேறாக அமையும்.

இலண்டன் அரசு வழங்கிவந்த ‘கெயரர்ஸ் அலவன்ஸ்’ என்ற படிக்குப் பதிலாக, ஸ்கொட்லாந்து அரசு தன் சொந்தச் சமூகப் பாதுகாப்பு முகவரகத்தின் ஊடாக ‘கெயரர் சப்போர்ட் பேமென்ட்’ எனப்படும் பராமரிப்பாளர் ஆதரவுக் கொடுப்பனவை 2023 நவம்பரில் தொடங்கியது. குறிப்பிட்ட இயலாமைக் கொடுப்பனவுகளில் ஒன்றைப் பெறும் ஒருவரை, ஊதியமின்றி வாரத்துக்கு 35 மணித்தியாலங்களோ அதற்கு மேலோ பராமரிக்கும் 16 வயது நிரம்பிய ஒருவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரல் முதல் அதன் அளவு வாரத்துக்கு 83.30 பவுணாக இருந்தது. இதை ரூபாவாகப் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு முன் 35 ஆல் வகுத்துப் பாருங்கள்: மணித்தியாலத்துக்கு 2 பவுண் 38 பென்ஸ். அதே காலத்தில் அந்நாட்டில் 21 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளி ஒருவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12 பவுணுக்கு மேல்.

இனி ஆலோசனை நிலையங்களின் கதை. ஸ்கொட்லாந்தில் இவ்வேலையைச் செய்பவை பெரும்பாலும் ‘சிற்றிசன்ஸ் அட்வைஸ்’ பணியகங்கள், உள்ளூராட்சிச் சபைகளின் நலன்புரி உரிமைப் பிரிவுகள், பராமரிப்பாளர் நிலையங்கள் ஆகியவை. புதிய கொடுப்பனவு நாடு முழுவதற்கும் ஒரே நாளில் வரவில்லை. முதலில் டண்டி, பேர்த் அன்ட் கின்றொஸ், மேற்குத் தீவுகள் ஆகிய மூன்று பிரதேசங்களில் மட்டும் தொடங்கி, 2024 இல் கட்டங்கட்டமாக ஏனைய பிரதேசங்களுக்கு விரிந்து, அவ்வாண்டு நவம்பரில்தான் முழு ஸ்கொட்லாந்தையும் எட்டியது. அமைச்சு அலுவலகத்திலிருந்து பார்ப்பவருக்கு இது நிதானமான, நல்ல ஏற்பாடு. பிழைகளைச் சிறிய இடத்தில் கண்டு திருத்திக்கொள்ளலாம். ஆலோசகரின் கதிரையிலிருந்து பார்த்தால் காட்சி வேறு. டண்டி நகரை ஒட்டிக் கிடக்கும் அங்கஸ் பிரதேசம் 2024 ஜூனில்தான் உள்ளே வந்தது. ஆகவே ஏறத்தாழ 7 மாதங்களாக, டண்டியில் வசிக்கும் பராமரிப்பாளர் ஸ்கொட்லாந்து முகவரகத்துக்கும், எல்லைக்கு அப்பால் அங்கஸில் வசிப்பவர் இலண்டன் திணைக்களத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கண்டாவளைக்கு ஒரு விதி, கரைச்சிக்கு இன்னொரு விதி என்று வைத்து, இரு பிரதேச மக்களும் உங்கள் ஒரே மேசைக்கு வருவதாக எண்ணிப் பாருங்கள். பழைய விதியை மறக்கவும் முடியாது, புதியதைப் படிக்காமலிருக்கவும் முடியாது.

பழைய படியைப் பெற்றுவந்தவர்களின் நிலை இன்னொன்று. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. அவர்களுடைய கோவைகள் 2024 தொடக்கத்திலிருந்து படிப்படியாகத் தாமாகவே மாற்றப்பட்டன. செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றுதான் கடிதமும் சொன்னது. ஆனால் அரசாங்க முத்திரையோடு வரும் கடிதத்தை, அது ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொன்னாலும், ஒருமுறை வாசித்துவிட்டு மேசை இலாச்சிக்குள் வைத்துவிடும் ஏழை எந்த நாட்டில் இருக்கிறார்? காசு நின்றுவிடுமோ என்ற பயத்தோடு அதை எடுத்துக்கொண்டு தெரிந்தவரிடம்தான் போவார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி ஒருவரை நம்பவைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உங்களைப் போல மேசையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் கடினமானது, இரண்டு அரசுகள் ஒரே வீட்டுக்குள் கை வைப்பது. பராமரிப்பாளர் கொடுப்பனவு எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்து அரசின் பொறுப்பில் இருக்க, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ‘யூனிவர்சல் கிரெடிற்’ இலண்டனின் பொறுப்பிலேயே இருக்கிறது. முன்னையதைப் பெற்றால் பின்னையதில் அதே தொகை கழிக்கப்படும். அதேவேளை பராமரிப்பாளர் என்ற வகையில் அதில் ஒரு கூறு கூட்டப்படும். கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. வீட்டு நிலைமை மாறினால் ஒரு அலுவலகத்துக்கு மட்டும் அறிவித்துவிட்டு மற்றதை மறந்துவிடக் கூடாது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதே ஆலோசகரின் உண்மையான தொழில்; படிவம் நிரப்புவது அதன் கடைசி ஐந்து நிமிடம்.

அரசே உதவியாளர்களை அமர்த்தினால் போதாதா என்று உங்கள் தலைவி கேட்கலாம். ஸ்கொட்லாந்து முகவரகம் 32 உள்ளூராட்சிப் பிரதேசங்களிலும் நேரடியாகச் சந்தித்து விண்ணப்பத்துக்கு உதவும் அலுவலர்களை வைத்திருக்கிறது, அது பாராட்டத்தக்கது. ஆயினும் தீர்மானம் எடுக்கும் அலுவலகத்தின் ஊழியர் ஒருவர், அதே அலுவலகத்தின் தீர்மானத்துக்கு எதிராக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாதாட முடியாது. அங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 42 நாட்களுக்குள் மறுதீர்மானம் கேட்கலாம். அதிலும் திருப்தியில்லையென்றால் 31 நாட்களுக்குள் நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதற்குச் சுயாதீனமான ஒருவர் வேண்டும்.

கொடுப்பனவு கேட்டு வருபவரோடு கொடுப்பனவு அல்லாத தேவைகளும் கூடவே வருகின்றன. ஸ்கொட்லாந்தில் 2016 ஆம் ஆண்டுப் பராமரிப்பாளர் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பராமரிப்பவர் எத்தனை மணித்தியாலம் பராமரித்தாலும், கொடுப்பனவு பெற்றாலும் பெறாவிட்டாலும், தமக்கென ஓர் ஆதரவுத் திட்டம் எழுதித் தரும்படி கேட்கும் உரிமையை அது அளிக்கிறது. பராமரிப்பாளர்களுக்குத் தகவலும் ஆலோசனையும் வழங்கும் சேவையொன்று ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பணத்துக்காக வந்தவர் ‘எனக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்குமா’ என்ற கேள்வியோடு நிலையத்தினுள் நுழைகிறார். 2022 குடிசன மதிப்பீட்டில் தம்மைப் பராமரிப்பவர் என்று பதிந்தோர் அங்கே 6 இலட்சத்துக்கும் மேல். அவர்களில் கொடுப்பனவுக்குத் தகுதியானோர் ஒரு சிறு பகுதியினரே. தகுதியில்லை என்று சொல்லி அனுப்பப்படுபவர்களும் ஆலோசனை மேசைக்குத்தான் திரும்பி வருவார்கள்.

இதெல்லாம் சீமையின் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 இல் அஸ்வெசும தொடங்கியபோது நாடு முழுவதிலுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்ததையும், பிரதேச செயலகங்களின் முன் வெயிலில் வரிசை நின்றதையும், கணினியில் பதியத் தெரிந்த பிள்ளைகள் இருந்த வீடுகள் அந்த மாதங்களில் அரச அலுவலகமாகவே மாறியதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வேலைக்கு எந்தச் சங்கத்துக்கும் ஒரு பேனைக்கான காசுகூட வந்ததாக நான் அறியேன். எனவே மகஜர் எழுதுங்கள். ஆனால் ‘பராமரிப்பவருக்குக் கொடுப்பனவு வேண்டும்’ என்ற முதற்பந்தியோடு நிறுத்திவிடாமல், ‘அதை விளக்கிச் சொல்லவும் மேன்முறையீட்டுக்குத் துணை நிற்கவும் பிரதேசந்தோறும் சுயாதீன ஆலோசனை மேசையும், அதற்கான ஆண்டுச் செலவும் வேண்டும்’ என்று இரண்டாம் பந்தியையும் எழுதுங்கள்.

கேள்வி: என் தம்பி கிளாஸ்கோவில் இருக்கிறான். அருகிலே தனியே ஒரு தொடர்மாடி வீட்டில் வசிக்கும் எங்கள் பெரியம்மாவுக்குச் சமைத்துக் கொடுப்பது, குளிக்க வார்ப்பது, வைத்தியரிடம் கூட்டிச் செல்வது எல்லாம் அவன்தான். புதிய கொடுப்பனவை எடுத்தால் பெரியம்மாவின் காசு குறைந்துவிடும் என்று அங்குள்ள யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். உண்மையா?
– மல்லாவி

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதிதான் முக்கியம்.

பெரியம்மா முதுமை காரணமாகப் பெறும் இயலாமைக் கொடுப்பனவு, தம்பி எதை எடுத்தாலும் குறையாது. ஆனால் குறைந்த வருமானமுள்ள ஓய்வூதியருக்கான ‘பென்சன் கிரெடிற்’ அவருக்கு வருகிறதா, அதற்குள் கடுமையான இயலாமைக்கான மேலதிகத் தொகை சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மேலதிகத் தொகை, தனியே வசிப்பவருக்கும் பராமரிப்பதற்காக வேறெவருக்கும் கொடுப்பனவு வழங்கப்படாதவருக்கும் உரியது. தம்பியின் கையில் பராமரிப்பாளர் கொடுப்பனவு விழத் தொடங்கியதும் பெரியம்மாவின் கையிலிருந்து அது போய்விடும். 2025 ஏப்ரல் கணக்கின்படி தம்பிக்கு வருவது வாரத்துக்கு 83.30 பவுண், பெரியம்மா இழப்பது 82.90 பவுண். ஒரே குடும்பத்தின் இடது சட்டைப்பையிலிருந்து வலது சட்டைப்பைக்கு மாற்றுவது போன்றது. நடுவில் 40 பென்ஸ் மிச்சம். அதன் மேல், தம்பியின் வீட்டுக்கு வரும் யூனிவர்சல் கிரெடிற்றில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விடை கூடலாம், குறையலாம்.

தம்பியே ஓய்வூதிய வயதை அடைந்து அரச ஓய்வூதியம் பெறுபவரானால் கணக்கு மறுபடி மாறும். இரண்டு கொடுப்பனவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வர விடமாட்டார்கள். ஓய்வூதியம் பெரிதாக இருந்தால் பராமரிப்பாளர் கொடுப்பனவு காசாக வராது. ஆனாலும் விண்ணப்பித்து, ‘தகுதி உண்டு, காசு இல்லை’ என்ற கடிதத்தைப் பெற்றுக்கொள்வது நல்லது. அக்கடிதம் அவருடைய பென்சன் கிரெடிற்றைக் கூட்ட உதவும். காசு கைமாறாததால் பெரியம்மாவின் மேலதிகத் தொகையும் போகாது. காசே வராத ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள் என்று முதியவர் ஒருவரைச் சம்மதிக்க வைப்பது ஆலோசகர்களுக்குப் பெரும்பாடு.

இன்னொன்றையும் தம்பியிடம் கேளுங்கள். அவருடைய விசாவில் ‘பொது நிதியைப் பெற இயலாது’ என்ற நிபந்தனை உண்டா? இருந்தால், குடிவரவுச் சட்டத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரைக் கேட்காமல் இந்தக் கொடுப்பனவைத் தொடவே கூடாது. பிற்பாடு வதிவிட உரிமை கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கலாம். எங்கள் ஆட்களுக்கு அங்கே வரும் சிக்கல்களில் பெரியது இதுவே. நண்பர் சொன்னார், முகநூலில் பார்த்தேன் என்று இதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் 2009 இல் முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறார். அவரைப் பார்ப்பது என் கடமை. அதற்குக் காசு கேட்பது என்ற பேச்சே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்படிப்பட்ட கொடுப்பனவுகள் குடும்பப் பாசத்துக்கு விலை பேசுபவை ஆகாதா?
– புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, உங்கள் வெட்கத்தை நான் மதிக்கிறேன். இதே வாதத்தை ஓர் அரசாங்கமே ஒரு காலத்தில் சொன்னது. ஆனால் அது பெண்களுக்கு எதிராகச் சொல்லப்பட்டது. பிரித்தானியாவில் பராமரிப்பவர்களுக்கான படி முதன்முதலில் 1976 இல் வந்தபோது மணமான பெண்களும் துணையோடு வாழும் பெண்களும் அதைப் பெற முடியாது என்று விலக்கிவைக்கப்பட்டார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில் இருக்கப் போகிறவர்கள்தானே என்பதே காட்டப்பட்ட நியாயம். நோயாளியான தன் தாயைப் பராமரிப்பதற்காக வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற மணமான பெண் இதை எதிர்த்து வழக்காடினார். 1986 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகளாக, ஆண் செய்தால் பராமரிப்பு, மனைவி செய்தால் கடமை என்றுதான் அந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

கடமையை யாரும் விலைபேசவில்லை. அந்தக் கடமையைச் செய்வதால் நீங்கள் போகாத கூலிவேலைக்கும், விட்டுவிட்ட தையலுக்கும், பராமரிக்காமல் கிடக்கும் தோட்டத்துக்கும் ஒரு சிறு ஈடு அது. இலங்கையில் அப்படியொரு மாதக் கொடுப்பனவு, பராமரிப்பவரின் சொந்தப் பெயரில், எல்லோருக்கும் பொதுவாக இல்லை. உங்கள் கணவரின் பெயரில் வருவது வேறு. அது அவருடைய உரிமை.

கேள்வி: முழுநேரம் படிக்கும் மாணவர் பராமரிப்பாளர் கொடுப்பனவு பெற முடியாது என்று இங்கிலாந்திலுள்ள உறவினர் சொல்கிறார், முடியும் என்று ஸ்கொட்லாந்திலுள்ளவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– வவுனியா

பதில்: இருவரும் அவரவர் நாட்டுக்குச் சரி. இங்கிலாந்தில் தொடரும் பழைய படி முழுநேர மாணவருக்கு இல்லை. ஸ்கொட்லாந்தின் புதிய கொடுப்பனவு 20 வயதும் அதற்கு மேலுமான முழுநேர மாணவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினருக்கு, கற்கைநெறி எது என்பதைப் பொறுத்து விதிகள் வேறுபடும்.

கேள்வி: பராமரிப்பவர்களுக்குக் கொடுத்த காசை வருடக்கணக்கில் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன். கொடுத்துவிட்டுப் பறிப்பதற்குக் கொடுக்காமலே இருக்கலாமே?
– முழங்காவில்

பதில்: நீங்கள் பார்த்தது பிரித்தானியாவின் பழைய படி பற்றிய செய்தி. பராமரிப்பவர் பகுதிநேர வேலை செய்யலாம். ஆனால் வார வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 2024 இல் அவ்வரம்பு 151 பவுண்; 2025 ஏப்ரலில் 196 பவுணாக உயர்த்தப்பட்டது. வரம்புக்கு மேல் ஒரு பவுண் கூடினாலும், அந்த ஒரு பவுணுக்குரியதைக் கழிக்காமல் அந்த வாரத்துக்கான படி முழுவதையும் எடுத்துவிடுவார்கள். கிணற்றுக்கட்டிலிருந்து ஓரடி தவறினால் ஓரடியா விழுவோம்? கிறிஸ்மஸ் காலத்தில் இரண்டு மணித்தியாலம் கூடுதலாகக் கடையில் நின்றவர்கள், ஆண்டுகள் கழித்து ஆயிரக்கணக்கான பவுண் கடனாளிகள் ஆனார்கள். வருமான விபரம் வரித் திணைக்களத்தின் ஊடாக அரசிடம் ஏற்கெனவே இருந்தும், உரிய நேரத்தில் எச்சரிக்கப்படாததே பெரும் குற்றச்சாட்டாக எழுந்தது. இப்படிக் கடன் சுமந்தோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று தெரியவந்தபின், 2024 ஒக்ரோபரில் லிஸ் சேஸ் தலைமையில் சுயாதீன மீளாய்வு ஒன்றை அரசு அமைத்தது.

ஸ்கொட்லாந்தின் புதிய கொடுப்பனவுக்கும் அதே வருமான வரம்புதான் வைக்கப்பட்டது. எனவே அங்குள்ள ஆலோசகர், கொடுப்பனவு கிடைத்ததும் கோவையை மூடிவிட முடியாது. சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கவும், கூடுதல் நேரம் வேலை செய்த கிழமையிலேயே முகவரகத்துக்கு அறிவிக்கவும் பழக்க வேண்டும். ஒரு தடவை உதவி என்றிருந்தது ஆண்டு முழுவதும் தொடரும் உதவியாகிவிட்டது. கொடுக்காமலே இருக்கலாம் என்ற உங்கள் முடிவோடு மட்டும் உடன்பட மாட்டேன். பிழை கொடுத்ததில் இல்லை, செங்குத்தாக வெட்டிய வரம்பில் இருக்கிறது. இங்கே ஒரு திட்டம் வரைபவர்கள் அந்த வெட்டைச் சரிவாக அமைக்கட்டும்.

கேள்வி: நாங்கள் நான்கு தொண்டர்கள். கொடுப்பனவு எப்போது வருமோ தெரியாது. அதுவரை பராமரிப்பவர்களுக்காக எங்களைப் போன்ற சிறிய அமைப்பு என்ன செய்ய முடியும்?
– ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் பதிவுக் கொப்பியைத் திறந்து பாருங்கள். நான் சில ஆண்டுகள் இப்படியொரு மேசையில் இருந்தவன். எங்கள் கொப்பியில் மாற்றுத்திறனாளியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, பாதிப்பின் வகை, கிடைக்கும் உதவி என்று ஐந்து நிரல்கள் இருந்தன. அவரை அழைத்து வந்தவருக்கு நிரல் இல்லை.

ஒரு நாள் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் கைப்பைக்குள் பழைய பொத்தான் கைத்தொலைபேசி ஒன்று அலறியது. அழைப்பு என்று நினைத்தேன், அலாரம். கணவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். அதற்காக இரவும் பகலும் வைத்திருந்த அலாரம் அது. அவர் வரிசையை விட்டு விலகி, பக்கத்து வீட்டுக்கு அழைத்து, ‘அண்ணை, ஒருக்கால் போய்த் திருப்பிவிடுங்கோ’ என்று கேட்டுவிட்டுத் திரும்பியபோது வரிசையின் கடைசிக்குப் போயிருந்தார். படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்துக்கு வந்ததும் ‘ஒன்றுமில்லை’ என்றார். நானும் அப்படியே எழுதினேன்.

பிறகொரு நாள் உட்கார்ந்து அவருடைய ஒரு கிழமையை மணித்தியாலமாகக் கூட்டினோம். புரட்டுவது, குளிப்பாட்டுவது, கதீற்றர் பையை மாற்றுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, கிளினிக் நாளில் முச்சக்கரவண்டி பிடித்துப் போய் வருவது எல்லாம் சேர்த்து, இரவைக் கணக்கில் எடுக்காமலே 50 ஐத் தாண்டியது. ஸ்கொட்லாந்தின் 35 மணித்தியால வரம்பை வியாழக்கிழமையே கடந்திருப்பார்.

ஆகவே முதலில் புதிய நிரல்களைக் கீறுங்கள். ஸ்கொட்லாந்தின் 2016 சட்டத்தின்படி எழுதப்படும் ஆதரவுத் திட்டத்தில் கேட்கப்படுவனவற்றை நாம் இரவல் வாங்கலாம்: பராமரிப்பவர் யார், என்னென்ன செய்கிறார், தொடர்ந்து செய்ய அவரால் முடியுமா, விருப்பமா, அவசரம் ஏற்பட்டால் மாற்று ஏற்பாடு என்ன. ‘விருப்பமா’ என்ற கேள்வியை எங்கள் ஊரில் கேட்பது சங்கடம். மெதுவாக, ஆட்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். ஆனால் கேளாமல் விடாதீர்கள்.

அடுத்தது, இருக்கின்ற உரிமைகளை முழுமையாகப் பெற்றுக்கொடுப்பது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2023 இல் 5,000 ரூபாவாக இருந்து, 7,500 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு விண்ணப்பிக்காதவர்கள் உங்கள் பிரிவில் எத்தனை பேர் என்று வீடுவீடாகப் பாருங்கள். வன்னியில் பெரிய தடை பத்திரம்தான்: 2009 இடப்பெயர்வில் வைத்தியக் குறிப்புகள் பதுங்குகுழிகளிலும் வழிகளிலும் போய்விட்டன. பழைய துண்டைத் தேடி அலைவதை விட, சமூக சேவை உத்தியோகத்தரின் ஊடாக வைத்திய அதிகாரியிடம் புதிதாகப் பரிசோதனை செய்வித்து அறிக்கை பெறுவது பல வேளைகளில் விரைவானது. கொடுக்கும் ஒவ்வொரு படிவத்திலும் ஒரு பிரதியை, ஒப்படைத்த திகதியை எழுதி, உங்களிடமும் வையுங்கள். மேன்முறையீட்டில் அந்தத் திகதி பேசும்.

மூன்றாவதாக, கணக்கு. ஒவ்வொரு வீட்டின் மணித்தியாலத்தையும் கூட்டி எழுதிய கொப்பி ஒன்று இருந்தால், கண்டாவளைச் சகோதரி எழுதப் போகும் மகஜருக்கு அதைவிடப் பலமான இணைப்பு வேறில்லை. இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் 28 ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் பயிற்சி, ஆலோசனை, நிதியுதவி, பராமரிப்பிலிருந்து இடையோய்வு ஆகியவற்றுக்கு அரச உதவி கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. குடும்பம் என்ற சொல்லும் ஆலோசனை என்ற சொல்லும் அதில் இருப்பதைச் சுட்டி எழுதுங்கள்.

எச்சரிக்கையும் ஒன்று. நிரலைக் கீறினால் வேலை வரும். நான்கு பேரால் தாங்கக்கூடிய அளவுக்குச் சனிக்கிழமைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ‘பராமரிப்பவர் நோயில் விழுந்தால் யார் பார்ப்பார்’ என்ற நிரலைச் சேர்த்த அன்று, அதே அலாரக்காரப் பெண்ணிடம்தான் முதலில் கேட்டோம். ‘மகள்’ என்றார். எத்தனை வயது என்று கேட்டோம். தரம் 9 இல் படிக்கிறாள், போன தவணையில் தனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று கிழமை அவள் பாடசாலைக்குப் போகவில்லை என்றார். திங்கட்கிழமை நாங்கள் இருவர் பாடசாலை அதிபரைப் பார்க்கப் போனோம்.